அடையாள அட்டையும் சந்திரன் படமும்

வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டைக்குப் போகிற பஸ்ஸை பம்பலப்பிட்டி இராணுவச் செக்பொயின்ரில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவரும் ஒரே கந்தோரில் வேலை செய்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. மொட்டைத் தலைக்காரர் சொன்னார்:

“சந்திரனிலை இறங்கினதெண்டது சுத்தப் பொய். படத்திலை ஒரு நட்சத்திரமும் இல்லை. படத்தை வைச்சு ஒண்டையும் நம்பேலாது.”

“ஓம், அமெரிக்காக்காரன் உங்களைக் கேக்காமல் படம் எடுத்தது பிழைதான்,” என்றார் கண்ணாடிக்காரர்.

மொட்டையரின் முறை வந்தது. சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான். படத்தில் அடர்ந்த தலைமயிரும் மீசையும் இருந்தன. இது நீயா என்று சிங்களத்தில் கேட்டு, ஜீப் பக்கம் ஒதுங்கி நிற்கச் சொன்னான். அது நான்தான் மஹத்தயா என்று அவர் மன்றாடினார்.

கண்ணாடிக்காரர் முன்னுக்குப் போய், இவருடைய தலைமயிர் கொட்டினதைப் பக்கத்து மேசையில் இருந்து பார்த்தவன் நான் என்று சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் சிரித்துவிட்டு அட்டையைக் கொடுத்தான்.

பஸ் வெளிக்கிட்ட பிறகு கண்ணாடிக்காரர் சொன்னார்:

“நான் பக்கத்திலை நிண்டபடியால்தான் அவன் உங்கடை படத்தை நம்பினவன். சந்திரனிலையும் ரெண்டு பேர் நிண்டவங்கள்.”

மொட்டையர் யோசித்தார். “அந்த ரெண்டாவது ஆளுக்கு ஆர் சாட்சி?”