கோலுக்கு ஆள் இல்லை

டோர்ட்மண்டில் ரயில் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தியின் மடியில் ஒரு நீளப் பை. அதற்குள்ளிருந்து நுனியில் வலை கட்டிய லக்ரோஸ் பந்தாட்டக் கம்புகள் எட்டிப் பார்த்தன.

"கோலுக்கு ஆள் இல்லை எண்டு அம்மாவிட்டச் சொன்னது என்ர பிழைதான்," என்றாள் பைக்காரி. நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

"ஏன், அவ என்ன செய்தவ?" என்றாள் தோழி.

"யூனிவர்சிட்டியில பெட்டையளுக்கு லக்ரோஸ் டீம் தொடங்கிறன், நான்தான் கோச், எட்டுப் பேர்தான் இருக்கினம், கோலுக்கு நிக்கவும் ஆள் இல்லை எண்டன். அவ கோயில்ல போய், மகள் யூனியில கோலாட்டம் பழக்கிறாள் எண்டு சொல்லிட்டா."

"பிறகு?"

"செவ்வாய்க்கிழமை எங்கட யூனித் தமிழ்ப் பிள்ளையள் நாலு பேர் சுடிதாரோட வந்து நிக்கினம். கையில சோடி சோடியாக் கோல். பன்னிரண்டு பேர் சேராட்டில் வெள்ளிக்கிழமை டீமைப் பதியிற அன்ட்ராக் நிரப்பிக் குடுக்க ஏலாது. டீமே இல்லை எண்டு இருந்தனான்."

"திருப்பி அனுப்பினியோ?"

"உனக்கென்ன விசரே? சப்பாத்துக் குடுத்து ஓட விட்டன். ஒருத்தியும் நிண்டுபோகேல்லை. தனக்கு ஓட ஏலாது எண்டவளைக் கோலுக்கு விட்டன். வாற பந்தெல்லாத்தையும் மறிக்கிறாள். அன்ட்ராக்கும் நேற்று சரிவந்திட்டுது."

அவள் கால்களை நீட்டி, பையின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு உண்மையைச் சொன்னியோ?"

"இல்லை. அரங்கேற்றம் எப்ப எண்டு கேட்டவ. வாற ஞாயிறு, கேல்ன் யூனிக்காரரோட எண்டன்."