ஜீப்பு ரொம்பட்டும்

இன்னாங்க, அதுக்குள்ள எழுந்துட்டீங்க? குந்துங்க, குந்துங்க. ஜீப்புல ஆளு ரொம்பாம சதீஸ்குமாரு எடுக்க மாட்டான். என் கொழுந்தன்தான், அவன் கொணம் எனக்குத் தெரியாதா? திருப்பத்தூரு இன்னா ஓடியா பூடும்? இந்தாங்க டீ.

எதிர்ல பூட்டிக் கெடக்குதே, அந்த ரூமத்தான காலையில இருந்து காலால அளந்துக்கினு இருந்தீங்க? நானும் டீய ஆத்திக்கினே பாத்தேன். செங்கத்துல பேக்கரி வெச்சிருக்கீங்க, புதூர்நாட்டுல இன்னொண்ணு போடலாம்னு வந்திருக்கீங்க. அய்ய, நான் ஜோசியக்காரி எல்லாம் இல்லிங்க. திருப்பத்தூர்ல கீற ரூமு ஓனரு கோபால்சாமிகிட்ட நீங்கதான போன்ல அவ்ளோ சத்தமா சொன்னீங்க, இன்னிக்கே எறங்கி வந்து அட்வான்ஸ் குடுத்துடுறேன்னு. டவரு சரியா எடுக்காது, இங்க எல்லாரும் கத்தித்தான் பேசுவாங்க, அது தப்பில்ல.

போன்ல பணம் போட்டா அவரு ஒத்துக்க மாட்டாரு, சொன்னாரா? யாரு மொதல்ல எதிர்ல குந்தி வெத்தல பாக்கு மாத்திக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் ரூமு. அதுக்கப்பால கலெக்டரே வந்து நின்னாலும் பேச்சு மாற மாட்டாரு. நல்ல மனுசன்.

அந்த ரூம்ல மின்ன ஒருத்தரு சாமைச்சோறு ஓட்டலு வெச்சாருங்க. வெற்றிச்செல்வன்னு பேரு, கீழ்நாட்டுக்காரரு. டவுன்ல சாமைக்கும் கேவுருக்கும் இன்னா மவுசு, மலை ஜனங்கன்னா வுழுந்து வுழுந்து துன்னும்னு நெனச்சிட்டாரு. எங்க ஜனங்க எட்டிப் பாத்துட்டு, தெனம் வூட்ல துன்றத இங்க வந்து வேற துன்னணுமா, பரோட்டா இல்லியான்னு கேட்டாங்க. பாவம், கடைசில அவரே என் கடையில பன்ன நனைச்சுத் துன்னுக்கினு நின்னாரு. அவருக்கப்பால ஒருத்தரு பலாச்சொளைய டப்பாவுல அடைச்சு வெச்சாரு. வூட்டுக்கு வூடு பலாமரம் நிக்கிற ஊர்ல! சீசன்ல எங்க ஆடே வேணாம்னு மூஞ்சத் திருப்பிக்கும், காசு குடுத்து எவன் வாங்குவான்?

சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சவதான். ஆனா என் கடையும் மொதல்ல ஈ ஓட்டிக்கினுதான் இருந்துச்சு.

இந்தப் பெஞ்சுலதான் பொம்பளைங்க வந்து குந்துவாங்க. புளி மூட்டையோட, கைக்கொழந்தையோட. ஜீப்பு ரொம்பறதுக்கு மத்தியானம் ஆயிடும். ஒரு டீ வாங்க மாட்டாங்க. சும்மா குடுக்கிற தண்ணி கூட வேணாம்பாங்க. இஞ்சி தட்டிப் போடு, ஏலக்கா போடுன்னாரு எங்க வூட்டுக்காரரு. போட்டேன். ம்ஹூம். ஒரு நாளு ஈஸ்வரின்னு ஒரு பொண்ணு, வாயும் வயிறுமா இருக்கிறவ, நாக்கு வறண்டு இங்கியே மயங்கி வுழுந்துட்டா. தண்ணி குடுத்தா தள்ளித் தள்ளி வுடுறா. ஏன்டின்னேன். குடிச்சிட்டு ஒதுங்க எங்க போவேன் அக்கான்னா. எனக்குப் பொட்டுல அறஞ்ச மாதிரி ஆயிடுச்சுங்க. டீ சரியில்லியா, டீ சரியில்லியான்னு டீயையே பாத்துக்கினு இருந்திருக்கேன், குடிக்காதவளத் திரும்பிப் பாக்கல.

ஆட்ட வித்து கடைக்குப் பின்னால ஒரு பாத்ரூம் கட்டுனேன். டீக்கடை நதியா கக்கூசு கட்றாடான்னு ஊரே சிரிச்சுது. வூட்டுக்காரரு மூஞ்சக் குடுத்தே பேசல. அப்பால பாத்தா பொம்பளைங்க வர்றாங்க, பின்னால போய்ட்டு வர்றாங்க, தெம்பா குந்திக்கினு டீ கேக்குறாங்க. ஒண்ணு குடிச்சிட்டு இன்னொண்ணும் கேக்குறாங்க. இப்ப என் வூட்டு அடுப்பு எரியறதே அந்தப் பாத்ரூமாலதான்னு வெச்சுக்கங்களேன்.

இன்னா, ஜீப்பு ரொம்பிடுச்சா? ஆமா, ரொம்பின மாதிரிதான் கீது. இருங்க, சதீசு இன்னும் பானெட்டத் தொறந்து வெச்சிக்கினு கீறான் பாருங்க. மலை எறங்குற வண்டி, அவசரப்படக் கூடாது. இன்னொரு டீ குடிங்க. இதுக்குக் காசு வேணாம்.

பயமா? எனக்கா? பயந்தாங்க, பொய் சொல்லுவானேன். கண்ணாடி அலமாரி, கேக்கு, பப்ஸு, கலர் லைட்டுன்னு நீங்க எதிர்ல வந்து குந்திட்டா என் பாய்லருகிட்ட யாரு நிப்பாங்க? என் பாத்ரூமுக்கு வந்துட்டு உங்க கடையில டீ குடிப்பாங்க. காலையில நீங்க அந்த ரூம அளக்க ஆரமிச்சதுல இருந்து எனக்குக் கை ஓடல. பாலப் பொங்க வுட்டேன், சக்கரைக்குப் பதிலா டீத்தூள போட்டுட்டேன்.

தோ, போனு அடிச்சு நின்னுடுச்சு பாருங்க. எடுக்க வேணாங்க, எங்க வூட்டுக்காரருதான். ஒரு ரிங்கு வுட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

எதுவா? ரூமுதாங்க. நீங்க போன்ல பேசி முடிச்ச ஒடனே, பொட்டியில இருந்தத அள்ளிக் குடுத்து, வெத்தல பாக்கையும் மடியில கட்டி, அவர பைக்குல திருப்பத்தூருக்கு அனுப்பிச்சிட்டேன். கோபால்சாமி எதிர்ல குந்தி மாத்திக்கிட்டாரு போல.

கோச்சிக்காதீங்க. கடை போட்ட நாள்ல இருந்து அந்த ரூமு எதிர்லதான் நிக்கிறேன், எனக்கு அது பூட்டுன கதவாத்தான் தெரிஞ்சுது. நீங்க வந்து அளந்தப்பதான் கடையாத் தெரிஞ்சுது. அத மறக்க மாட்டேன். உங்க கேக்கு, பப்ஸு எல்லாம் செங்கத்துலயே போட்டு பஸ்ஸுல அனுப்புங்க, சதீசு மேல ஏத்தியாந்துடுவான். அந்த ரூம்ல உங்க பேக்கரி பேரையே எழுதி வெச்சு நான் விக்கிறேன். இப்பவே சொல்ல வேணாம், வழியெல்லாம் யோசிச்சுக்கினு போங்க.

ஏ சதீசு, பானெட்ட மூடிட்டு எடுப்பா! சாரு எவ்ளோ நேரமா குந்திக்கினு கீறாரு!

சாரு, பின்னால ஒரு நட போய்ட்டு வந்து ஏறுங்க. இத்தினி டீ குடிச்சிருக்கீங்க, வழியில எங்கயும் நிறுத்த மாட்டான்.