நூற்றுப் பதின்மூன்றாவது அணிந்துரை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் வழக்கறிஞர் தமிழழகன் அவர்களே, சற்று முன் மறைந்த நம் தெய்வசிகாமணியின் படத்தைத் திறந்துவைத்த ஓட்டுநர் முனியன் அவர்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய துணைவியார் சகோதரி சாலம்மாள் அவர்களே, அவர்கள் மகள் சந்தியா அவர்களே, வேலை முடிந்த காக்கி உடுப்போடு வந்து நிற்கும் போக்குவரத்துத் தோழர்களே, நமது தமிழ் மன்றத்து அன்பர்களே! மன்றத் தலைவன் நாராயணசாமியின் கலங்கிய வணக்கம்.

யார் இந்தத் தெய்வசிகாமணி? கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதி, விசில் ஊதி அனுப்பிவைப்பவர். அந்த வேலைக்கு நடுவே அறிவியல் புனைகதை எழுதினார். நம் ஊரிலிருந்து விண்கலக் கதை எழுதும் ஒருவர் வருவார் என்று நாம் நம்பினோமா? நம்பவில்லை. நிலையத்தில் அவரை ‘ராக்கெட்டு’ என்று கூப்பிட்டார்கள். மன்றத்திலோ, கடைசிப் பேச்சாளருக்கும் நன்றியுரைக்கும் நடுவே ஐந்து நிமிடம் கொடுத்தோம். பிரியாணி ஆறிவிடும் என்று சில ஆண்டுகள் அதையும் பிடுங்கிக்கொண்டோம். அவர் சிரித்துக்கொண்டே தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

அவருடைய கதைகள் எப்படிப்பட்டவை தெரியுமா? கச்சிராயபாளையத்திலிருந்து நிலாவுக்குக் கிளம்பும் விண்கலம் பாதி வழியில் நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ளுங்கள் என்பார் நடத்துநர். நான் விடுவேனா? “ஐயா தெய்வசிகாமணி, ஆகாயத்தில் காலை எங்கே ஊன்றித் தள்ளுவது?” என்று மடக்கினேன். மனிதர் அசரவில்லை. “அதான் ஐயா கதையே. கால் வெக்க எடம் இல்லாத எடத்துல எப்டித் தள்றதுன்னு பத்து பக்கம் யோசிக்கிறாங்க” என்றார். படித்துப் பார்த்தால், கையில் இருக்கும் மூட்டை முடிச்சுகளையெல்லாம் பின்பக்கமாக வீசி எறிகிறார்கள், கலம் முன்னால் நகர்கிறது. இயற்பியல் சரியாக இருந்தது. அதைவிட, தன் அரிசி மூட்டையை முதலில் எறிவது யார் என்று பயணிகள் போடும் சண்டை மிகச் சரியாக இருந்தது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று ஒருமுறை இதே மேடையில் நான் சொன்னேன். கீழே இறங்கியதும் பக்கத்தில் வந்தார். “பொழுது போவாம உக்காந்துக்கினு இருக்கறவங்க நடுவுலதான் ஐயா நான் வேல பாக்கறேன். அவங்களுக்குப் பொழுது போனா தப்பா?” என்றார். நான் தமிழில் புலவர் பட்டம் வாங்கியவன். செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அவர் வேலை செய்த விதம் ஒன்று உண்டு. பேருந்துக்காக நிற்பவர்களிடம் போய், உனக்கு ஒரு மெஷின் கிடைத்தால் என்ன மெஷின் வேண்டும் என்று கேட்பார். சொன்னதை வண்டி நேரம் குறிக்கும் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்வார். இதோ மூன்றாவது வரிசையில் இருக்கும் காசியம்மாள், மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர், அவரிடமும் கேட்டிருக்கிறார். “போ சார், மெஷினாம் மெஷினு. பஸ்ஸுக்கு நின்னுக்கினே பாதி ஆயுசு பூடுச்சி. அத்தத் திருப்பிக் குடுக்கற மெஷின் இருந்தா சொல்லு” என்றாராம் இவர்.

அதிலிருந்து ஒரு கதை பிறந்தது. வாழ்நாளில் காத்துக் கிடந்த நேரத்தையெல்லாம் திருப்பித் தரும் ஒரு பெட்டி. கரும்பு வெட்டும் பெண் ஒருத்திக்கு நான்கு ஆண்டுகள் திரும்பக் கிடைக்கின்றன. அவற்றில் தையல் படிக்கலாம், கோழிப் பண்ணை வைக்கலாம் என்று அதிகாரிகள் பட்டியலோடு வந்து நிற்கிறார்கள். அவள் பாயை விரித்துப் படுத்துத் தூங்குகிறாள். நன்றாகத் தூங்கினாள் என்று எழுதிக் கதையை முடித்துவிட்டார். முதலில் சிரித்தேன். பிறகு அதே கதையை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.

அன்பர்களே, இதுவரை புகழ்ந்தேன். இனிப் பேசப்போவது என்னைப் பற்றி.

ஓய்வு பெற்றதும் அவர் தன் கதைகளை நான்கு நோட்டுகளில் அழகாகப் படியெடுத்தார். நூலின் பெயர் ‘தள்ளினால் புறப்படும் விண்கலம்’. என் அணிந்துரை இல்லாமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன் என்று கொண்டுவந்து கொடுத்தார். நான் நூற்றுப் பன்னிரண்டு அணிந்துரை எழுதியவன். அவற்றில் பாதி நூல்களை நான் படித்ததில்லை. மண்வாசனை வீசுகிறது, மனிதநேயம் மிளிர்கிறது என்று ஒரு மாலையில் எழுதிக் கொடுத்துவிடுவேன். இவருடையதை மட்டும் பதினோரு மாதம் வைத்திருந்தேன். ஏன்? இதைப் படித்துவிட்டேன். அதுதான் காரணம்.

நாற்பது ஆண்டுகளாகக் கரும்பையும் உழைப்பாளியையும் பற்றிக் கவிதை எழுதுகிறேன். கரும்பு வெட்டும் ஒரு பெண்ணிடம் உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் கேட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதனால் பேனாவை எடுக்க மனம் வரவில்லை.

மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவார். என் முழங்கால் வலியை விசாரிப்பார், நோட்டைப் பற்றி வாய் திறக்க மாட்டார். நானாகவே, எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பேன். அது பொய். போன மாதம் அவர் வரவில்லை. மாரடைப்பு என்று செய்திதான் வந்தது.

ஐந்தாம் நாள் சந்தியா வந்து நோட்டுகளைக் கேட்டார். கொடுத்தேன். வாசல் வரை போனவர் திரும்பினார். “ஐயா, ஒண்ணு கேக்கணும். நீங்க படிச்சீங்களா இல்லியான்னு அப்பா வூட்டுல கேட்டுக்கினே இருந்தாரு. எங்களுக்கு இன்னா தெரியும்? படிச்சீங்களா?”

படித்தேன் அம்மா, இரண்டு முறை படித்தேன் என்றேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. “அவுரு இருக்கறப்பவே ஒரு போன் பண்ணி சொல்லி இருக்கலாம் இல்லிங்களா” என்றார். அவ்வளவுதான். பதினோரு நாளாக அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை.

ஆகவே இந்த அவை அறிய உறுதி சொல்கிறேன். தெய்வசிகாமணியின் நூல் பொங்கலுக்குள் வெளிவரும். அதில் என் அணிந்துரை இருக்காது. அந்த நூலுக்கு முன்னால் நிற்க எனக்குத் தகுதியில்லை. என் மேசையில் இன்னும் ஏழு பேருடைய கையெழுத்துப் படிகள் கிடக்கின்றன. இந்த வாரத்துக்குள் ஏழு பேருக்கும் போன் செய்து, படித்தேன் அல்லது படிக்கவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். நம் மன்றத்தின் மாதக் கூட்டமும் இனி இந்த மண்டபத்தில் வேண்டாம். பேருந்து நிலையத்தில் நடக்கட்டும். அங்கே நிற்பவர்களிடம் நாம் போய்க் கேட்போம்.

நண்பர் தெய்வசிகாமணி அவர்களே, உங்கள் கதைகளைப் படித்தேன். என் கவிதைகளைவிட அவை நல்ல எழுத்து. இதைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.