அமைதியான இடத்தில் படிக்கவும்

இல்ல சார், அதுல உக்காராதீங்க. அது ரெண்டாம் வகுப்புப் பசங்க நாற்காலி, பெரியவங்க உக்காந்தா காலு வளைஞ்சுரும். நாற்காலியோட காலச் சொன்னேன். என் சீட்ல உக்காருங்க. எனக்கு நின்னே பழக்கம். டீச்சர் உக்காந்தாச்சுன்னா இந்தப் புள்ளைங்க உடனே கண்டுபிடிச்சு ஆட்டம் போட ஆரம்பிச்சுரும்.

உங்க பொண்ணு வருவா சார், வந்துருவா. என் வகுப்புப் பசங்க எல்லாம் இப்ப வேற ரூம்ல இருக்காங்க. ஹெச்எம் மேடம் கையெழுத்து இல்லாம பாதி நாள்ல ஒரு புள்ளைய வெளிய விடக் கூடாது. அப்பாவா இருந்தாலும் அப்படித்தான். நான் போட்ட சட்டமா சார் இது? நான் இங்க இன்னும் பர்மனென்ட் கூட ஆகல. மேடம் போன்ல இருக்காங்க, முடிச்சதும் கூப்பிடுவாங்க.

ஊருக்கா? உங்க அக்கா வீட்டுக்கா? ஓ, துணிமணியெல்லாம் வண்டியிலயே இருக்கா. அங்கேயே ஸ்கூல் சேத்துருவீங்களா... சரி. அவங்க அம்மா?

எனக்கு எப்படி சார் தெரியும்? காலையில எந்திரிச்சுப் பாத்தா ஆளக் காணோம்னா, எங்கயாச்சும் கடை கண்ணிக்குப் போயிருப்பாங்க. இல்ல சார், இங்க வரல. எனக்குத் தெரியாது. காதா? காது செவந்திருக்கா? அது ஹெட்செட் சார். நாள் பூரா மாட்டிக்கிட்டே இருக்கறேன்ல, அழுத்தி அழுத்தி அப்படி ஆயிருது.

நீங்க வாசல் கேட்டுகிட்ட சத்தம் போட்டீங்களே, பாடம் சொல்லித் தாங்கடான்னா போனக் குடுத்துக் கெடுக்குறாங்க, எப்பப் பாத்தாலும் மிஸ் சொன்னாங்க மிஸ் சொன்னாங்கன்னு போனுக்கு நிக்குறான்னு. அது நியாயமான கேள்விதான். வேற யார் வந்து கேட்டாலும் நான் காட்டத்தான் செய்வேன். மேடம் கூப்பிடற வரைக்கும் பாருங்களேன். உங்க பொண்ணு என்ன பண்றான்னு நீங்களே பாத்த மாதிரி இருக்கும்.

இது ஸ்கூல் லேப்டாப். முன்னாடி ஆபீஸ்ல இருந்துச்சு, அங்க வேணாம்னு தள்ளுனத நான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஆன் ஆக நேரம் எடுத்துக்கும். இந்த வகுப்புல உள்ள பசங்க அதுக்குப் பேரே தாத்தான்னு வச்சிருக்காங்க. தாத்தா முழிச்சுட்டாரான்னு கேப்பாங்க. நெட்டு என் போன்லருந்துதான் போகுது. நான் வேணும்னு எல்லாம் இழுக்கல சார், அதோட வேகமே அவ்வளவுதான்.

இந்தா வந்துருச்சு. இது பேர் சக்கரம். புள்ளைங்க பேரெல்லாம் இதுல எழுதி வச்சு ஒரு தட்டு தட்டினா சுத்தி யார் மேல நிக்குதோ அவங்க பதில் சொல்லணும். காசு கிடையாது, யாரும் பதிவு பண்ண வேண்டியதில்ல. முன்னாடி நான் யாரையாச்சும் கைய நீட்டிக் கூப்பிட்டா, என்னைய மட்டும் கூப்பிடுறீங்கன்னு ஒரே அழுகை. இப்ப சக்கரம் கூப்பிட்டா சிரிச்சுட்டே எந்திரிக்குதுங்க. ஒரு மெஷின் மேல கோவிச்சுக்க முடியாதுல்ல.

சக்கரத்துல இருக்கறது நெஜப் பேரு இல்ல சார். இலவசமாக் குடுக்குறவன் எதுக்குக் குடுக்குறான், எங்க கொண்டு போய் வைக்கிறான்னு நமக்கு என்ன தெரியும்? அதனால மேடம் ஒத்த வார்த்தையில சொல்லிட்டாங்க, ஒரு புள்ளையோட பேரும் போட்டோவும் உள்ள போகக் கூடாதுன்னு. அவங்கவங்களே ஒரு பட்டப்பேரு வச்சுக்கிட்டாங்க. ராக்கெட்டு, வவ்வாலு, சோம்பேறி... அவன் நெஜமாவே சோம்பேறிதான், அவனே ஆசைப்பட்டு வச்சுக்கிட்டது.

உங்க பொண்ணு ஆமை. ஆமா சார், ஆமைதான். நான் கூடக் கேட்டேன், ஏன்டி முயல் இருக்கு மயில் இருக்கு, ஆமையப் போய் எடுத்தேன்னு. உள்ள போயிட்டா அத யாராலயும் வெளிய இழுக்க முடியாது மிஸ்னா.

எந்திரிக்காதீங்க சார். இல்ல, நீங்க போனாலும் உங்களுக்கு எந்த ரூம்னு தெரியாது. மூணு மாடி. நீங்க ஒவ்வொரு கதவாத் தட்டுனா மத்த புள்ளைங்க பயந்துரும். உங்க பொண்ணுக்கும் அது அசிங்கமா இருக்கும்ல? எங்கப்பா ஒரு தடவ நான் படிச்ச ஸ்கூலுக்குள்ள கத்திக்கிட்டே வந்தாரு. நான் பெஞ்சுக்கு அடியில போயிட்டேன். எங்க வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நான்தான் சார், அவரு என்னைய எப்படியோ படிக்க வச்சுட்டாரு, அதுல குறையே சொல்ல மாட்டேன். ஆனா அந்த பெஞ்சுக்கு அடி இன்னும் எனக்குள்ள அப்படியே இருக்கு. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

சரி. போன் போன்னு நிக்குறான்னு சொன்னீங்கல்ல, அது இதுக்குத்தான். வாசிக்கிற ஆப். நான் ஒரு லிங்க் அனுப்புவேன், புள்ளைங்க வீட்டுல அம்மா போன வாங்கிப் பாடத்தச் சத்தமா வாசிக்கணும். அது அப்படியே பதிவாகி எனக்கு வந்துரும். வகுப்புல ஒவ்வொருத்தரையும் தனித்தனியா வாசிக்கச் சொல்லிக் கேக்க எனக்கு எங்க சார் நேரம்? அதுக்குப் பெரிய பெரிய ஸ்கூல்ல எல்லாம் காசு கட்டி வாங்குறாங்க. நாங்க இலவசத்துலயே ஓட்டுறோம். நடுவுல செருப்பு விளம்பரம் வரும். புள்ளைங்க அதையும் சேத்து வாசிச்சு அனுப்புதுங்க.

வாசிச்சு முடிச்சதும் ஆப்பே மார்க் போடும். தெளிவா இருந்தா பச்சை நட்சத்திரம். நான்தான் சொல்லி வச்சிருக்கேன், பச்சை வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப வாசிக்கணும், விடக் கூடாதுன்னு. சரியாத்தான சார் சொன்னேன்? எல்லா டீச்சரும் அப்படித்தான சொல்லுவாங்க?

உங்க பொண்ணு குரல் கேக்குறீங்களா? இருங்க. இது மழை பாடம். கேளுங்க.

பாத்தீங்களா, சிரிப்பு வருதுல்ல உங்களுக்கு. மேகம்னு சொல்ல வரல அவளுக்கு, மேகோம்ங்கிறா. நான் திருத்தவே இல்ல, இன்னும் கொஞ்ச நாள் அப்படியே சொல்லட்டும்னு விட்டுட்டேன். பச்சை விழுந்திருக்கு பாருங்க. நல்லா வாசிக்கிற புள்ள சார் அவ. அவ்வளவுதான், இத நிறுத்திடறேன்.

இல்ல, அது பழசு. அது வேணாம். சார், மவுஸக் குடுங்க. அதெல்லாம் பச்சை விழாதது, சரியா வராதது, அதக் கேட்டு என்ன ஆகப் போகுது. சார், அத அமுக்காதீங்க. ப்ளீஸ்.

சரி.

சரி, ஓடட்டும்.

கேக்குதா? இது குளம் பாடம். பின்னால சத்தம் வருதுல்ல, அதான் சிவப்பு மூஞ்சி விழுந்திருக்கு. கீழ என்ன எழுதியிருக்குன்னு படிங்க. பின்னணியில் சத்தம் அதிகம், அமைதியான இடத்தில் படிக்கவும். மெஷினுக்கு அவ்வளவுதான் சார் தெரியும். ரோட்டுல ஹாரன் அடிச்சாலும் அதையேதான் சொல்லும், மிக்ஸி ஓடுனாலும் அதையேதான் சொல்லும்.

அவ சொல்பேச்சு கேக்குற புள்ள. மெஷின் சொல்லிருச்சு, மிஸ்ஸும் விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எந்திரிச்சு வேற இடம் போயிருக்கா. அடுத்தது பாத்ரூம், குழாய் சொட்டுறது கேக்கும். அதுலயும் சிவப்பு. அதுக்கு அடுத்தது துணி பீரோக்குள்ளன்னு நினைக்கிறேன், குரல் அமுங்கி அமுங்கி வரும். அதுலயும் சிவப்பு. அந்தச் சத்தம் எல்லா இடத்துக்கும் பின்னாலயே வருது. கடைசியில அவ என்ன பண்றா தெரியுமா, நீங்க சத்தத்தக் கூட்டக் கூட்ட அவளும் குரலக் கூட்டிக்கிட்டே போறா. குளத்தில் மீன் இருக்குன்னு தொண்டை கிழியக் கத்துறா. குளத்தில் தவளை இருக்குன்னு கத்துறா. எப்படியாச்சும் பச்சை வாங்கிரணும்னு.

முடிச்சதும் ஆஃப் பண்ணல. புள்ளைங்க பாதிப்பேர் பண்ணாதுங்க, வாசிச்சு முடிச்சா வேலை முடிஞ்சுதுன்னு போனக் கீழ வச்சுட்டு ஓடிரும். அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், இலவசத்துக்கு எவ்வளவு அளவோ அவ்வளவு வரைக்கும். அதுக்கப்புறம் தானா நின்னுரும். நானும் எப்பவும் முழுசாக் கேக்குறதில்ல சார். சத்தியமா. மொதல்ல கொஞ்சம், நடுவுல கொஞ்சம். அன்னிக்கு ஒரே புள்ளைகிட்டருந்து இத்தனை சிவப்பு வந்திருக்கேன்னு முழுசாக் கேட்டேன்.

டிவியா? இல்ல சார். டிவியில அவங்க அம்மா பேரச் சொல்லித் திட்ட மாட்டாங்க.

மேசையத் தட்டாதீங்க. தட்டுனாலும் நான் இங்கதான் நிப்பேன். ஆமா, குடும்ப விஷயம். நேத்து வந்த சின்னப் பொண்ணு உங்க வீட்டு விஷயத்துல எதுக்கு மூக்க நுழைக்கிறேன்னு கேக்குறீங்க. நான் நுழையல சார். உங்க பொண்ணுதான் அத என் காதுக்குள்ள கொண்டு வந்து வச்சா. வீட்டுப்பாடமா.

வேலையா? போகட்டும் சார். போகாதுன்னு நினைக்கிறேன், போனா பாத்துக்கலாம். இல்ல, பாத்துக்க முடியாது, எங்க வீட்டுல என் சம்பளத்த நம்பித்தான் தம்பி படிக்கிறான். இருந்தாலும் நேத்து நான் மேடம்கிட்ட போட்டுக் காட்டிட்டேன். அவங்க பாதியிலயே ஹெட்செட்டக் கழட்டி வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் உங்க வீட்டம்மாவக் கூப்பிட்டுப் பேசுனாங்க. நான் அந்த ரூம்ல இல்ல. கதவ மூடிட்டாங்க.

அழிக்கணுமா? அழிங்க. இதுதான் பட்டன், குப்பைக் கூடை மாதிரி இருக்குல்ல, அத அமுக்கிட்டு ஆமான்னு குடுங்க. ஒவ்வொண்ணாத்தான் அழிக்க முடியும், மொத்தமா அழிக்கிற வசதி காசு கட்டுனவங்களுக்குத்தான். அமுக்குங்க சார், நான் தடுக்க மாட்டேன். கேக்க வேண்டியவங்க கேட்டுட்டாங்க, அவங்ககிட்ட ஒரு காப்பி இருக்கு.

ஏன் நிறுத்திட்டீங்க? இது கடைசி. இதுல சத்தமே இல்ல. வாசிப்பும் இல்ல. அவ மூச்சு விடறது மட்டும் கேக்கும். அழுறீங்களா சார் நீங்க? நான் உங்களத் திட்டணும்னு நினைச்சு வரல, ஆறுதல் சொல்லணும்னும் வரல.

இருங்க, மெசேஜ் வருது.

மேடம்தான்.

கையெழுத்து எல்லாம் இல்ல சார். நீங்க இப்ப எந்திரிச்சுப் போகலாம், எந்த ரூம வேணும்னாலும் தட்டலாம். பாப்பா இங்க இல்ல. நீங்க முன்னாடி வண்டிய நிறுத்திட்டு கேட்டுல சத்தம் போட்டப்ப அவ மேடம் ரூம்ல அவங்க அம்மா மடியில இருந்தா. குழந்தைகள் நல ஆபீஸ்லருந்து வந்த ஒரு அம்மாவும் கூட இருந்தாங்க. வெளிய வர ஒரே வழிதான், அந்த வராண்டா, உங்க கண்ணுல படாமப் போக முடியாது. யாராச்சும் உங்கள ஒரு ரூமுக்குள்ள உக்கார வச்சுப் பேசிக்கிட்டே இருக்கணும்னு மேடம் சொன்னாங்க. யாரும் வாயத் தெறக்கல. எனக்குப் பேச்சு வராதுன்னு இந்த ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும். வகுப்புல என்ன பண்றேன்னு கேட்டா மட்டும் நிறுத்தாமப் பேசுவேன் சார், அதான் நான் வந்தேன். இப்ப அவங்க வண்டி பெரிய ரோட்டுல ஏறிருச்சாம்.