மூன்றாவது கட்டிலுக்குக் கீழே

விடுதி அறையில் இடமில்லை என்று சொல்கிறவர்களுக்கு அடுக்கத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம், மேடம். கதவுக்குப் பின்னால் கொக்கி வரிசை, ஜன்னல் கம்பியில் துணிப்பை, காலி சூட்கேஸுக்குள் போர்வைகள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் விடுதி அறையை இரண்டு வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். கூட இருந்த இர்பானா, "உன் அலமாரியத் தொறந்தாலே மனசு நெறஞ்சுடுதுடி" என்பாள்.

இந்த ஜூலையில் மூன்றாவதாக ஒரு கட்டிலைக் கொண்டுவந்து போட்டார்கள். கட்டிலோடு கனிஷ்கா வந்தாள். பச்சைமலைப் பெண், முதலாம் ஆண்டு. ஒரு டிரங்குப் பெட்டி, தினைமாவு டின், ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு. எனக்கு அவள் மேல் கோபமில்லை. அந்த மூட்டையைப் பார்த்தால்தான் எரிச்சலாக வந்தது.

அவள் அம்மா இருசம்மாள் கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "இவளுக்கு எப்பவாச்சும் வலிப்பு வரும்மா. மாத்திரை தவறாம போட்டா ஒண்ணும் ஆகாது. வார்டன் அம்மாகிட்ட சொல்லல, சொன்னா சேத்துக்க மாட்டாங்க. நீங்கதான் பாத்துக்கணும்." பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

கட்டிலை உயர்த்தினால் கீழே ஓர் அலமாரி அளவுக்கு இடம் கிடைக்கும். பின்பக்கக் கட்டட வேலையில் மிஞ்சிய செங்கற்களை எடுத்துவந்து, அவள் கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் ஆறு ஆறாக அடுக்கினேன். டிரங்குப் பெட்டியும் மூட்டையும் என்னுடைய நான்கு டப்பாக்களும் உள்ளே போயின. பெட்டியின் இரும்பு மூலை மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் கட்டிலை ஏன் உயர்த்தவில்லை என்று கேட்கிறீர்கள். எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது.

"அக்கா, நான் கீழ பாய் விரிச்சுப் படுத்துக்கறேனே."

"கீழ நடக்க எடம் வேணாமா?"

அவள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டாள். நல்ல பெண்.

ஆகஸ்டில் அறையை மறுபடி ஒழுங்குபடுத்தினேன். அவளுடைய மாத்திரை டப்பா, டாக்டர் சீட்டோடு மேசையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை 'பழைய சார்ஜர்' என்று லேபிள் ஒட்டிய பெட்டிக்குள் போட்டுப் பரணில் ஏற்றினேன். வார்டன் கண்முன்னால் ஒருமுறை வலிப்பு வந்தால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டிலையும் எடுத்துப்போவார்கள். அவ்வளவுதான் நினைத்தேன்.

மூன்று நாள் தேடினாள். "எங்கயாச்சும் பாத்தீங்களாக்கா?" என்று ஐந்து முறையாவது கேட்டிருப்பாள். பார்க்கவில்லை என்றேன். சீட்டில்லாமல் மருந்துக்கடையில் தரவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தாள். மலையிலிருந்து பஸ் பிடித்துச் சனிக்கிழமை வருவதாகச் சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். இர்பானா ஊருக்குப் போயிருந்தாள். நான் மேசையில் லேபிள் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டில் குலுங்கியது. செங்கற்கள் நகரும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். அவள் தலைமாட்டு அலமாரியில் இருந்த என் புத்தகங்கள் சரிந்தன, அவற்றைத்தான் முதலில் பிடித்தேன். அதற்குள் அவள் பெட்டியின் மூலைமேல் விழுந்திருந்தாள்.

மறுநாள் இருசம்மாள் வந்தார், புது மாத்திரை அட்டையோடு. என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீங்க நல்லாத்தானம்மா பாத்துக்கிட்டீங்க" என்றார். சாமான்களை மூட்டை கட்ட நானும் கூட உதவினேன்.

நான் கொன்றதாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த டப்பாவைத் திருடியதாக மட்டும் எழுதாதீர்கள். பரணில் பத்திரமாக இருக்கிறது, ஒரு மாத்திரைகூடக் குறையாது. அடுத்தவர் பொருளை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை, மேடம்.