தாளிக்காத குழம்பு

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட போர்க்காலம். பிரிக்பீல்ட்ஸ் ரேஷன் கடையில், அரிசி வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். இளையவள் இடுப்பில் ஒரு வயதுப் பையன்.

“பிள்ளை பெத்தா என் வயிறு கிழிஞ்சிரும்னாங்கக்கா.”

“ஏம்மா அப்படி?”

“சின்னதுல கொதிக்கிற கஞ்சி கொட்டி வயிறெல்லாம் வெந்துபோச்சு. அந்தத் தழும்புத் தோலு விரியாதுன்னாங்க மருத்துவச்சி.”

“அப்புறம்?”

“விண்ணுவிண்ணுன்னு இழுத்துச்சு, அரிச்சுச்சு. ரேஷன் தேங்காயெண்ணெய் பூராத்தையும் வயித்துலயே தேச்சேன், மெல்ல விரிஞ்சு குடுத்துச்சு. அவருதான் பாவம், மாசக்கணக்கா தாளிக்காத குழம்பு சாப்பிட்டாரு.”

“இப்ப எப்படி இருக்கு?”

“உங்களுக்கெல்லாம் பெத்தபிறகு தொங்குது. எனக்குப் பழையபடி இறுகிப்போச்சு.”

மூத்தவள் முந்தானையை இழுத்துத் தன் வயிற்றை மூடிக்கொண்டாள்.

“அப்ப இன்னொண்ணு பெத்துக்க.”

“மூணு மாசம்கா. அவருகிட்ட இன்னும் சொல்லல.”

அதற்குள் எண்ணெய் வரிசையிலிருந்து அவள் புருஷன் போத்தலோடு வந்துவிட்டான். அதை அவளிடம் கொடுத்துப் பையனை வாங்கிக்கொண்டான்.

“இனிமே எண்ணெய் முழுக்கக் குழம்புக்குத்தான், என்ன?”

அவள் போத்தலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, “சரிங்க” என்றாள்.