எட்டாம் நாள் பேரு

இல்ல கோப்பெல் அண்ணே, மெனாஹெம்னு எழுதாதீங்க. அந்தக் கட்டம் கொஞ்சம் காலியா இருக்கட்டும். ஆறுதல் தர்றவன்னு அர்த்தம், நல்ல பேருதான், யாரு இல்லேன்னா? ஆனா எங்க வீட்ல அந்தப் பேர்ல ஒருத்தரும் கெடயாது.

காப்பியெல்லாம் வேணாம், இப்பதான் குடிச்சேன். பொய்தான், விடுங்க.

இந்தப் பேரு சண்டை எங்க வீட்ல ஆறு மாசமா ஓடுது. கேட்டா சிரிப்பீங்க. நாங்க பாட்டன் காலத்துலேருந்து இதே ஆண்ட்வெர்ப் ஊருதான். இங்கத்த யூதருங்க நாம செத்தவங்க பேரைத்தான் பிள்ளைக்கு வைப்போம், உங்களுக்குத் தெரியாததா. எங்கப்பா அஸ்ரியேல் போன வருஷந்தான் போனாரு. கடவுளே எனக்குத் துணைன்னு அர்த்தம். பையன் பொறந்தா அந்தப் பேருதான்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன்.

எம் பொண்டாட்டி சிமியும் யூதப் பொண்ணுதான், ஆனா மொரோக்கோக்காரி. அவங்க வழக்கம் வேற. தாத்தா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருப்பாரு, அவரு பேரையே பேரனுக்கு வைப்பாங்க. அதுதான் மரியாதையாம். எம் மாமனார் பேரு நிஸ்ஸிம். அற்புதங்கள். ஒண்ணு இல்ல, பல அற்புதம்! மனுஷன் தினம் ஃபோன் போட்டு, மாப்ளே, எம் பேரு தயாரா இருக்கு, இன்னும் தேயக்கூட இல்லம்பாரு. அவரு தாத்தாவும் நிஸ்ஸிம்தான்.

எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. எங்கம்மா சொல்லிச் சொல்லியே வளத்துட்டா. ஒரே வீட்ல ஒரே பேர்ல ரெண்டு பேரு இருந்தா, பெரியவரைக் கூட்டிட்டுப் போக வர்ற மரண தூதன் ஆள் மாறிச் சின்னதைத் தூக்கிட்டுப் போயிருவானாம். படிச்சவன்தான் நான், மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். ஆனாலும் பயம் பயந்தானே.

பையன் பொறந்தான். எட்டாம் நாள்தான் பேரைச் சொல்லணும், அதுவரைக்கும் குட்டின்னே கூப்பிட்டோம். மூணாம் நாள் ஆஸ்பத்திரில கதவைத் தெறக்கறேன், சிமி அவன் காதுல நிஸ்ஸிம், நிஸ்ஸிம்னு மெதுவா சொல்லிட்டிருக்கா. எங்கேருந்துதான் அப்படிக் கோவம் வந்துச்சோ. வாயக் கழுவுடி, எம் பிள்ளையக் கொல்லப் பாக்குறியான்னு கத்திட்டேன். நர்ஸ் எட்டிப் பாத்துட்டுப் போனா. அதுக்கப்புறம் அவ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லண்ணே. சும்மா ம்ம், ம்ம்னு முதுகைத் தட்டிக்கிட்டே இருந்தா. அந்தப் பாவம் என்னோடதுதான்.

இல்ல, அழல. வெளில குளிரு, மூக்கு ஒழுகுது.

நீங்க சொல்றது புரியுது. இப்படிப் போறதுக்குப் பொதுவா மெனாஹெம்னு ஒரு பேரு போதும், வீட்டுப் பேரை அடுத்ததுக்கு வச்சுக்கோ, வீணாக்காதேன்னு எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. காலைல மாமனார்கிட்டயும் அதையேதான் சொன்னேன். உசுரோட இருக்கறவரு பேரைக் கொண்டுபோய்க் கல்லுல எழுதறதான்னு கேட்டேன். மனுஷன் கத்தல. மாப்ளே, அங்க எங்க ஆளுங்ககிட்டப் போய் நிக்கப் போறான், பேரு சொன்னாத்தானே யார் வீட்டுப் பிள்ளைன்னு சேத்துக்குவாங்கன்னாரு. அவனுக்குப் பேரு வைக்காமத்தானே வச்சிருந்தேன், அப்பவும் தூதன் வழி தப்பலயே.

எழுதுங்கண்ணே. நிஸ்ஸிம். அப்பன் பேரு ஷ்முவேல். வயசு ஆறு நாள்.

கல்லறைக்கு உங்க அடக்கச் சங்கத்து வண்டி வேணாம். மாமனார் வெளில கார்ல இருக்காரு, பெட்டிய மடில வச்சுக்கிட்டு. யார்கிட்டயும் குடுக்க மாட்டேங்கறாரு. சிமியால எந்திரிக்க முடியல, வீட்ல படுத்திருக்கா. குழியோரத்துல பேரை நீங்க சொல்ல வேணாம், நானே சத்தமா சொல்றேன். ஃபோனைப் போட்டுக் கையில பிடிச்சுக்கறேன். அவ கேக்கணும்.